பழைய ஃபோர் வீல் ஜீப்பின் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு முட்டுக் கொடுப்பது எப்படி?

கடம்பூரிலிருந்து மாக்கம்பாளையம் போகிற வழியில் பள்ளத்தில் இறங்கிக் கரையேற வேண்டும். எங்கள் பக்கத்தில் ஓடையைத்தான் பள்ளம் என்போம். அன்றைக்கு என் பிக்கப் ஜீப்பில் பத்து மூட்டை உரமும் இரண்டு சுருள் சொட்டுநீர்க் குழாயும் இருந்தன. ஃபோர் வீல் போட்டு, லோ கியரில் மெதுவாகத்தான் ஏறினேன். பாதிக் கரையில் காலுக்கடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். லீவர் தானாக நியூட்ரலுக்கு விழுந்தது. இறங்கிக் குனிந்து பார்த்தால், முன் பின் ஆக்சில்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் போல்ட் மாட்டும் ஒரு காது உள்ளங்கை அளவுக்குப் பிய்ந்து, ஒரு இரும்பு ஆங்கிளோடு சேஸின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரில் தொங்கிக்கொண்டிருந்தது. 90 கியர் ஆயில் மணலில் சொட்டியது.

அந்த ஆங்கிளை வைக்கச் சொன்னதே நான்தான். மூன்று மாதம் முன்பு ஒரு பட்டறையில், “ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஆடுதுங்க, ஒரு முட்டுக் குடுங்க” என்று கேட்டேன். பட்டறைக்காரரும் கேஸின் காதிலிருந்து நேராகக் கிராஸ் மெம்பருக்கு ஒரு ஆங்கிள் வைத்து, இம்மிகூட அசையாதபடி இறுக்கிக் கொடுத்தார். வெல்டிங் அவ்வளவு சுத்தம். கடைசிவரை வெல்டு விடவே இல்லை. விட்டது கேஸ்.

சத்தியமங்கலத்தில் வண்டியை இறக்கிக் காட்டியபோது வயதான மெக்கானிக் ஒருவர் உடைந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏனுங்க தம்பி, எதுகூடச் சேந்து ஆடுதோ அதுகூடத்தானுங்க கட்டோணும். ஆடறதைக் கொண்டுபோய் ஆடாததுகூடக் கட்டுனா எங்கியாச்சும் ஒரு பக்கம் பிச்சுக்கும்.” நான் சொல்லப்போகிற அத்தனையும் அந்த ஒரு பேச்சுக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் அதைக் கையால் செய்து பார்க்க ஒரு முழு நாள் வேண்டும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

உங்கள் வண்டியில் கேஸ் எப்படி உட்கார்ந்திருக்கிறது?

ட்ரான்ஸ்ஃபர் கேஸ் என்பது கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை வாங்கி, முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. லோ கியர் இருப்பதும் அதற்குள்தான். இது வண்டியில் மூன்று விதமாக உட்கார்ந்திருக்கலாம். எது உங்களுடையது என்று தெரியாமல் முட்டுக் கொடுப்பதைப் பற்றி யோசிக்கவே கூடாது.

முதல் விதம், கியர்பாக்ஸின் முதுகில் நேராக ஒட்டியிருப்பது. வில்லிஸ் வழி வந்த மஹிந்திரா ஜீப்புகள் பெரும்பாலும் இப்படித்தான். மஹிந்திரா 1940களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்பைப் பொருத்தி விற்கத் தொடங்கியதிலிருந்து பல பத்தாண்டுகள் இந்த அமைப்பு நீடித்தது. அதில் இருப்பது ஸ்பைசர் 18 வகைக் கேஸ். டானா 18 என்றும் சொல்வார்கள். ஆக்சில்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் முன், பின் புரொப்பல்லர் ஷாஃப்டுகள் நடுவில் இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கி வெளியே வரும். அதனால் கேஸின் எடையும் வலப்பக்கமே சாய்ந்திருக்கும். முன்னால் இன்ஜினுக்கு இரண்டு ரப்பர், பின்னால் கியர்பாக்ஸுக்கு அடியில் கிராஸ் மெம்பர் மேல் ஒரு ரப்பர். மொத்தமும் இந்த மூன்று புள்ளியில்தான் நிற்கிறது. கேஸ் பக்கவாட்டில் திமிறாமல் இருக்க, அதற்கும் கிராஸ் மெம்பருக்கும் நடுவே ஒரு சின்ன ரப்பர் முட்டும் வில்லிஸில் உண்டு. கவனியுங்கள், சேஸைத் தொடும் இடத்தில் ரப்பர் இல்லாமல் எதையும் வைக்கவில்லை.

இரண்டாவது விதம், கியர்பாக்ஸுக்கும் கேஸுக்கும் நடுவில் அடாப்டர் என்ற ஒரு வார்ப்புத் துண்டு இருப்பது. 1970களிலும் 80களிலும் வந்த அமெரிக்க செவர்லே கே வரிசை பிக்கப்புகள் இதற்கு நல்ல உதாரணம். அவற்றில் வந்த நியூ ப்ராசஸ் 205 கேஸ் முழுக்க இரும்பு வார்ப்பு. செயின் கிடையாது, எல்லாம் பல்சக்கரம். எடை 60 கிலோ அளவு. அத்தனை பாரத்தையும் ஒரு அடாப்டரின் முனையில் தொங்கவிட்டால் அடாப்டர் விரிசல் விடும் என்று கம்பெனிக்கே தெரிந்திருந்தது. அதனால்தான் கேஸிலிருந்து முன்னோக்கிக் கியர்பாக்ஸ் பக்கம் போகும் இரும்பு முட்டு ஒன்றையும் சேர்த்தே கொடுத்தார்கள். வண்டியைப் பிரித்து வேலை பார்ப்பவர்கள், ‘இது எதுக்கு, சும்மா ஒரு பட்டை’ என்று அதைத் தூக்கி மூலையில் போட்டுவிடுவார்கள். கொஞ்ச நாளில் அடாப்டர் பிளக்கும்.

செவர்லே நம் ஊரில் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். பழைய மஹிந்திராவில் வேறு டீசல் இன்ஜினும் 5 ஸ்பீடு கியர்பாக்ஸும் மாற்றி, நடுவில் லேத்தில் கடைந்த அடாப்டர் பிளேட் போட்ட வண்டி கொங்கு நாட்டில் எத்தனை ஓடுகிறது! அந்தியூரிலிருந்து பர்கூர் மலைக்குப் போய்ப் பாருங்கள். அவையெல்லாம் இந்த இரண்டாவது சாதியில்தான் சேரும். கேஸ் முன்பைவிடப் பின்னால் தள்ளிப் போயிருக்கும். தாங்குவதற்கு மட்டும் பழைய ரப்பர்தான். என் வண்டியும் அப்படித்தான், முந்தைய சொந்தக்காரர் செய்து வைத்த வேலை.

மூன்றாவது விதம், கேஸ் தனியாகச் சேஸில் தொங்குவது. கியர்பாக்ஸிலிருந்து ஒரு குட்டி ஷாஃப்ட் மட்டும் அதற்குப் போகும். 1985 கடைசியில் வந்த மாருதி ஜிப்சி இந்த வகை. 1970களின் நடுப்பகுதி வரை வந்த உயரமான ஃபோர்டு எஃப்-250 பிக்கப்பும் இதே வகை. இதற்கு முட்டு வைக்கும் விதி தலைகீழ். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முட்டு ஏன் தேவைப்படுகிறது?

ஒரு சின்னக் கணக்கு. இன்ஜின் 12 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு விசை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய மூன்று கியர் டி-90 பெட்டியில் முதல் கியர் 2.8 மடங்கு. ட்ரான்ஸ்ஃபர் கேஸின் லோ, போர்க்கால ஜீப்பில் 1.97 மடங்கு, பிறகு வந்த பொதுமக்கள் ஜீப்பில் கிட்டத்தட்ட 2.46. இந்த 2.46-ஐ வைத்து மூன்றையும் பெருக்கினால் 82க்கு மேல் வருகிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 82 கிலோ ஆள் ஏறித் தொங்குகிற மாதிரி. புரொப்பல்லர் ஷாஃப்டை அந்தப் பலத்தோடு ஒரு பக்கம் திருப்பும்போது, இன்ஜின், கியர்பாக்ஸ், கேஸ் மூன்றும் அதே பலத்தோடு எதிர்ப்பக்கம் புரளப் பார்க்கும். கேஸும் கியர்பாக்ஸும் சேரும் இடம்தான் இந்த இழுபறியில் அதிகம் நோகும்.

இதைப் பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றுவது எனக்குத் தோன்றியதுதான். வாழைத்தார் பெருத்துச் சாயும்போது ஒரு கம்பை நிலத்தில் ஊன்றி முட்டுக் கொடுக்கிறோமே, அதுபோலச் சேஸில் ஊன்றிவிடலாம் என்று. ஆனால் வாழைக்கடியில் இருக்கும் நிலம் முறுக்காது. ஜீப்பின் சேஸ் முறுக்கும். ஒரு முன்சக்கரம் பாறைமேலும் எதிர்மூலைப் பின்சக்கரம் குழியிலும் இருக்கும்போது, முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி சேஸ் திருகிக்கொள்ளும். இன்ஜினோ மூன்று ரப்பரின் மேல் தன் பாட்டுக்கு ஆடும். இந்த இரண்டையும் ஒரு இரும்பால் இறுகக் கட்டினால், நடுவில் இருப்பதில் எது வளையாதோ அது உடையும். வார்ப்பிரும்பு வளையாது.

ஆகவே முதல் இரண்டு வகைக்கும் விதி ஒன்றுதான். முட்டின் ஒரு முனை ட்ரான்ஸ்ஃபர் கேஸில், மறுமுனை கியர்பாக்ஸிலோ, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கிலோ, இன்ஜின் பிளாக்கிலோ. மூன்றும் ஒரே கட்டையாக ஆட வேண்டும். சேஸ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

வெட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பாதி வண்டிகளுக்கு முட்டே தேவையில்லை. கம்பெனியில் வந்தபடியே இருக்கும் பழைய மஹிந்திராவில் கேஸ் ஆடுகிறது என்றால், பத்தில் எட்டு முறை ரப்பர் செத்திருக்கும், இல்லையென்றால் போல்ட் தளர்ந்திருக்கும். அதைச் சரி செய்யாமல் முட்டு வைத்தால் நோயை மூடி மறைத்த மாதிரி ஆகிவிடும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுங்கள். கீழே படுப்பதற்கு முன் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்டும் வேண்டும். கியர்பாக்ஸுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து ஜாக்கியால் ஒரு விரல் அளவு தூக்கிப் பாருங்கள். ரப்பர் இரும்பிலிருந்து உரிந்து வாய் பிளந்தால் மாற்ற வேண்டும். ஆயில் குடித்து உப்பி, அழுத்தினால் நகம் பதியும் ரப்பரையும் மாற்ற வேண்டும். இன்னொரு அடையாளம், கிளட்ச் மிதிக்கும்போது இன்ஜின் முன்னால் நகர்வது. அந்தக் காலத்து ஜீப்பில் இதைத் தடுக்கவே இன்ஜினைப் பின்னோக்கிப் பிடிக்க ஒரு கேபிள் வைத்திருந்தார்கள். நம் பக்கம் வண்டிகளில் அது அறுந்து, போன இடம் தெரியாமல் போயிருக்கும்.

அடுத்து, கேஸைக் கியர்பாக்ஸோடு சேர்க்கும் போல்ட்டுகள். ஒவ்வொன்றாக ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். ஒன்று தளர்ந்திருந்தாலும் அந்த இணைப்பிலிருந்து ஆயில் கசிந்து, தூசி அப்பி, கருப்பாக ஒரு வரி தெரியும். புரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டுகளில் இருக்கும் கிராஸ்களையும் கையால் திருகிப் பாருங்கள். ஆக்சிலரேட்டர் மிதித்து விடும்போது வரும் ‘டொக்’ பல நேரம் அங்கிருந்துதான் வரும். பாவம், பழி கேஸ் மேல் விழும்.

விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய முறை உண்டு. சந்தேகமான இடத்தை நன்றாகக் கழுவி, மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். துணியால் துடைத்து உலர்த்தி, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் மெல்ல வெளியே வந்து, பொடியில் மயிர்க்கோடு மாதிரி ஈரம் காட்டும். ஒரு பட்டறையில் அவசரத்துக்குத் திருநீற்றைத் தூவியதையும் பார்த்திருக்கிறேன். வேலை செய்தது.

கடைசிச் சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய ஆட்கள் ஒருவரைக் கீழே எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு ஒருவர் கிளட்ச் விடுவார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, வண்டிக்கு அடியில், சக்கரப் பாதைக்கு வெளியே ஒரு செங்கல்லில் சாய்த்து வையுங்கள். முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்காமல் பார்த்துக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் பிடித்து, லோ கியரில் கிளட்சைக் கொஞ்சமாக விட்டு வண்டி திணறும்போது மிதித்துவிடுங்கள். பின்னாலும் ஒரு முறை ரிவர்ஸில். வீடியோவை நிதானமாகப் பாருங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் கேஸும் ஒன்றாகவே ஆடி ஒன்றாகவே திரும்பினால் ரப்பர் மட்டும் மாற்றினால் போதும். கேஸ் மட்டும் தனியாகத் தலையாட்டினால், அல்லது அடாப்டர் பிளேட் அருகே வாய் திறந்து மூடினால், முட்டு வேண்டும்.

இரும்பு எடுப்பது

6 மில்லிமீட்டர் எம்.எஸ். பிளேட், அதாவது சாதாரண மென் இரும்புத் தகடு, அல்லது 40 மில்லிமீட்டர் அகலமும் 6 மில்லிமீட்டர் கனமும் உள்ள 40-க்கு 6 பட்டை போதும். கனம் கூடக்கூட நல்லது என்று நினைத்து 12 மில்லிமீட்டர் பிளேட் வாங்குகிறவர்கள் உண்டு. எடைதான் ஏறும். கனத்தைவிட முக்கியம் பட்டை நிற்கிற விதம். ஓட்டு வீட்டில் கைமரத்தைப் படுக்கப் போடமாட்டோம், நிமிர்த்திதான் வைப்போம். இங்கேயும் அதேதான். 40-க்கு 6 பட்டையை நிமிர்த்தி வைத்தால், படுக்க வைத்ததைவிட 44 மடங்கு வளையாமல் நிற்கும். படுக்க வைக்க வேண்டிய கட்டாயம் வந்தால், நடு முதுகில் இன்னொரு பட்டையை நிமிர்த்தி வெல்டு செய்து விலா மாதிரி கொடுங்கள்.

வடிவம் முக்கோணமாக அமைந்தால் நல்லது. கேஸில் இரண்டு போல்ட், முன்னால் பெல் ஹவுசிங்கில் இரண்டு போல்ட் எனக் குறைந்தது நான்கு பிடி. ஒரே ஒரு பட்டையை ஒரு போல்ட்டிலிருந்து இன்னொரு போல்ட்டுக்கு இழுத்தால், அது அந்தக் கோட்டில் மட்டும்தான் தாங்கும், திருகலைத் தாங்காது. டானா 18 மாதிரி ஒரு பக்கம் சாய்ந்த கேஸ் என்றால், முட்டு அடிப்பக்கமாகவும் வலது சாய்வாகவும் போகட்டும். புதிதாகக் கேஸில் துளை போடாதீர்கள். இருக்கிற போல்ட்டுகளைக் கழற்றி, பிளேட்டின் கனத்துக்கு ஏற்ற நீளத்தில் வேறு போல்ட் போடுவதுதான் வழி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லைதானே? கழற்றுவதற்கு முன் கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி நிற்கட்டும்.

போல்ட்டில்தான் புதியவர்கள் அதிகம் கெடுக்கிறார்கள். பழைய ஜீப்பில் இருப்பது இஞ்ச் மரை. நம் பட்டறைகளில் மூணு நூல் போல்ட் என்று கேட்பது எட்டில் மூன்று இஞ்ச், அதாவது 9.5 மில்லிமீட்டர். கடைக்காரர் எம்10 எடுத்து நீட்டுவார், பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். யு.என்.சி. என்ற இஞ்ச் மரை போட்ட மூணு நூலின் மரை இடைவெளி 1.59 மில்லிமீட்டர், எம்10-க்கு 1.5. விட்டத்திலும் எம்10 அரை மில்லிமீட்டர் பெரிது. அதனால் எம்10 துளையின் வாயிலேயே கடித்துக்கொண்டு இறுகும். ‘துரு பிடிச்சிருக்கு போல’ என்று ஸ்பேனரில் பைப் மாட்டித் திருகினால் வார்ப்பின் மரை மொத்தமும் பொடியாக வந்துவிடும். கழற்றிய பழைய போல்ட்டைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். நட் ஒன்றைப் பழையதிலும் புதியதிலும் விரலால் போட்டுப் பாருங்கள். இஞ்ச் போல்ட் என்றால் தலையில் மூன்று கோடு, மில்லிமீட்டர் என்றால் தலையில் 8.8 என்ற எண். எதுவும் இல்லாத மொட்டைத் தலைப் போல்ட் மாட்டுக் கொட்டகைக்கு ஆகும், இங்கே ஆகாது.

நீளத்தையும் அளக்க வேண்டும். துளைக்குள் ஒரு கம்பியை விட்டு ஆழம் பாருங்கள். போல்ட் தன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது மரைக்குள் போக வேண்டும். ஆனால் அடியில் போய் முட்டக் கூடாது. முட்டினால் நீங்கள் இறுக்குவது பிளேட்டை அல்ல. வார்ப்பின் அடியைத்தான் உடைத்துக்கொண்டிருப்பீர்கள். சில துளைகள் ஆயில் இருக்கும் உள்பக்கம் வரை போகும். அந்தப் போல்ட்டுகளின் மரையில் கசிவை அடைக்கும் அனபாண்ட் பசை தடவிப் போடுங்கள், இல்லையென்றால் கசியும்.

அட்டையில் வெட்டி, அப்புறம் இரும்பில்

நேராக இரும்பில் கை வைக்காதீர்கள். கல்யாணப் பத்திரிகைக் கட்டு வந்த கெட்டி அட்டை ஒன்றே போதும். போல்ட் தலைகளில் கிரீஸ் தடவி, அட்டையை அழுத்தி எடுத்தால் துளைகளின் இடம் பதிந்துவிடும். வெட்டி, மடித்து, வண்டியில் வைத்துப் பாருங்கள். கிளட்ச் லிங்க், ஹேண்ட் பிரேக் கேபிள், முன் புரொப்பல்லர் ஷாஃப்ட், சைலென்சர் குழாய் எதிலும் படாமல் இருக்க வேண்டும். வில்பட்டை துள்ளும்போது முன் ஷாஃப்ட் மேலே வரும் என்பதை மறந்து, முட்டில் ஷாஃப்ட் உரசியபடி வந்த வண்டி ஒன்றைப் பார்த்தேன். ஆயில் மாற்றும் டிரெயின் பிளக்கையும் மூடிவிடாதீர்கள். அட்டைக்கே இரண்டு மணி நேரம் ஆகலாம். அது வீண் இல்லை.

இரும்பில் வெட்டித் துளை போடும்போது, ஒரு முனையின் துளைகளைச் சரியான அளவிலும், மறுமுனைத் துளைகளை மட்டும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீளவாக்கில் இழுத்தும் போடுங்கள். வெல்டு செய்தால் இரும்பு இழுத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்வது சாதாரணம்.

வெல்டிங் எப்போதும் வண்டிக்கு வெளியே. வண்டியில் வைத்துத்தான் டேக், அதாவது பிடித்து நிற்க ஒரு பொட்டு வெல்டு, அடிக்க வேண்டும் என்றால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, எர்த் கிளிப்பை நீங்கள் வெல்டு செய்யும் துண்டிலேயே மாட்டுங்கள். வசதிக்கு எங்கோ பம்பரில் மாட்டினால் மின்சாரம் கியர்பாக்ஸ் பேரிங் வழியாகப் போய்க் குண்டுகளில் பொத்தல் பொத்தலாகப் பொரித்துவிடும். ஒரு மாதம் கழித்துப் பேரிங் ஊளையிடும்போது யாருக்கும் காரணம் புரியாது.

பொருத்துவது: விரலால் போக வேண்டும்

இந்தப் பத்தியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

முதலில் கேஸ், கியர்பாக்ஸ் இணைப்புப் போல்ட்டுகளை முறைப்படி இறுக்குங்கள். மவுண்டிங் ரப்பர்களும் தங்கள் இடத்தில் உட்காரட்டும். ஜாக்கியைத் தளர்த்தி, எடை ரப்பரில் இறங்கிய பிறகே முட்டுப் பிளேட்டைக் கொண்டுவாருங்கள். எல்லாப் போல்ட்டும் விரலாலேயே கடைசி வரை போக வேண்டும். ஒன்றைப் போட இன்னொன்றைக் கடப்பாரையால் நெம்ப வேண்டியிருந்தால் அந்த முட்டு தப்பு. பிளேட்டுக்கும் கேஸின் முகத்துக்கும் நடுவில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். இடைவெளி இருந்தால் அந்த அளவுக்கு ஷிம் என்ற மெல்லிய தகடு வெட்டி வையுங்கள். போல்ட்டை இறுக்கி இடைவெளியை மூடுவது என்பது, வண்டி நிற்கும்போதே கேஸை ஒரு பக்கம் இழுத்து வைப்பது. அது ராத்திரி பகலாக அந்தக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். மலை ஏறும்போது மிச்சத்தை லோ கியர் செய்து முடிக்கும். பெயின்ட் அடித்திருந்தால் பிளேட் உட்காரும் இடங்களில் மட்டும் சுரண்டிவிடுங்கள். நாளடைவில் பெயின்ட் நசுங்கி, போல்ட் தளரும்.

நீளவாக்குத் துளைகளுக்குக் கனமான வாஷர் போட்டு, நான்கையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மூணு நூல், மூன்று கோட்டுப் போல்ட்டுக்கு 4 கிலோகிராம்-மீட்டர் போதும், எம்10, 8.8-க்குச் சுமார் 4.5. அலுமினிய ஹவுசிங் என்றால் இதைவிடக் குறைவாக. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் வாடகைக்கோ கடனுக்கோ வாங்குங்கள். ‘கைக்கணக்கு’ என்பது முப்பது வருடம் கை வைத்தவருக்குத்தான்.

ஜிப்சிக்காரர்களுக்கு

ஜிப்சியில் கேஸ் தனியாகச் சேஸில் மூன்று ரப்பரில் தொங்குகிறது. அது கியர்பாக்ஸோடு சேர்ந்து ஆடுவதில்லை, சேஸோடுதான் இருக்கிறது. அதனால் இங்கே முட்டும் சேஸுக்குத்தான் கொடுக்க வேண்டும். கியர்பாக்ஸோடு கட்டினால் மறுபடி என் கதைதான். லோ கியரில் பாரம் இழுக்கும்போது கேஸ் ஒரு பக்கம் தூக்கும், அந்தப் பக்கத்து ரப்பர் கிழியும். மலைப்பாதையில் அதிகம் ஓட்டுகிறவர்கள் கேஸைச் சேஸோடு பிடிக்க நான்காவதாக ஒரு இரும்புக் கை சேர்க்கிறார்கள். அந்தக் கையின் சேஸ் முனையிலும் ரப்பர் புஷ் கட்டாயம் வேண்டும். கேஸ் அலுமினியம் என்பதால் இறுக்கும்போது பார்த்து. கேஸின் உயரம் மாறினால் நடுவில் இருக்கும் குட்டி ஷாஃப்டின் கோணம் மாறி அதிர்வு வரும். ஆகவே வேலைக்கு முன் சேஸிலிருந்து கேஸின் உயரத்தை அளந்து எழுதி வைத்து, முடிந்த பிறகும் அதே அளவு வருகிறதா பாருங்கள்.

ஏற்கனவே உடைந்திருந்தால்

காது உடைந்த வார்ப்பைச் சாதாரண வெல்டிங் ராடால் ஒட்டினால், ஒட்டிய இடத்தின் ஓரத்திலேயே மறுபடி விடும். வார்ப்பைச் சீராகச் சூடாக்கி, நிக்கல் ராடால் ஒரு இஞ்ச், அரை இஞ்சாகப் போட்டு, சுத்தியலால் லேசாகத் தட்டி, சாம்பலிலோ உலர்ந்த மணலிலோ புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். விரிசல் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதன் இரண்டு முனையிலும் 3 மில்லிமீட்டர் துளை போட்டு நிறுத்த வேண்டும். இதற்கு ஜீப் பட்டறையைவிட, கோயமுத்தூர்ப் பக்கம் பம்ப் செட் பாடிகளை ஒட்டிக் கொடுப்பவர்கள் சிறந்த ஆட்கள். அவர்களுக்கு வார்ப்பிரும்பு அன்றாட வேலை. என் கேஸின் காதை அப்படித்தான் ஒட்டினேன். பேரிங் உட்காரும் இடம்வரை விரிசல் போயிருந்தால் ஒட்டவே வேண்டாம், வேறு கேஸ் தேடுங்கள்.

டானா 18-ஐக் கியர்பாக்ஸிலிருந்து பிரிக்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும். வெளிப் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு இழுத்தால் வராது. பின்பக்கத்து வட்ட மூடியைத் திறந்து, உள்ளே மெயின் ஷாஃப்ட் நட்டின் பின்னை எடுத்து, நட்டையும் கியரையும் வெளியே எடுத்த பிறகுதான் வரும். அது தெரியாமல் கடப்பாரை போட்டு நெம்பி உடைத்த கேஸ்கள் பழைய இரும்புக் கடைகளில் கிடக்கின்றன.

வண்டியை எடுத்த பிறகு

முதல் நாளே கொல்லிமலையின் 70 வளைவுக்குப் போகாதீர்கள். வீட்டுப் பக்கத்துத் தோட்டத்து வண்டித்தடத்தில் ஓட்டிப் பாருங்கள். செல்போன் சோதனையை மறுபடி செய்து, பழைய வீடியோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேஸும் கியர்பாக்ஸும் இப்போது ஒரே ஆளாகப் புரள வேண்டும். தரைப் பலகைத் துளையின் ஓரத்தில் லீவர் இடிக்கிற சத்தம் நின்றிருக்கும். புதிதாக ஒரு ரீங்காரம் கேட்டால், முட்டு எங்கோ சேஸையோ சைலென்சரையோ தொடுகிறது என்று அர்த்தம்.

ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பிளேட்டுக்கு வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து விடுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை, 500 ஓடியதும் ஒருமுறை கீழே படுத்துக் கோடுகளைப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் அந்தப் போல்ட்டை அப்படியே இறுக்கிவிட்டு எழுந்துவிடாதீர்கள். முட்டுப் பிளேட்டைக் கழற்றி, ஃபீலர் கேஜை மறுபடி எடுங்கள்.